கள்ளிப்பள்ளத்துத் தலைக்கணக்கு

கள்ளிப்பள்ளத்தில் புள்ளியம்மா என்றொரு கௌதாரி இருந்தாள். காரைப்புதருக்கு அடியில் ஒன்பது முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்த நேரமெல்லாம் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

கவலைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. போன வருஷம் அவளுக்கு ஏழு குஞ்சுகள். காவற்காரக் குரங்கு கருவாலன் மூன்று நாள் காய்ச்சலில் படுத்துவிட்டான். அந்த மூன்று நாளில் காட்டுப்பூனை வந்து ஏழையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கருவாலன் மட்டும் இலுப்பை மரத்தில் இருந்திருந்தால், "குர்ர்ர்!" என்று ஒரு சத்தம் போட்டிருப்பான். அந்த ஒரு சத்தம் போதும். பள்ளமே முள்ளுக்குள் ஓடி ஒளிந்துவிடும்.

புள்ளியம்மாவின் வீட்டுக்காரரும் சத்தம் போடுவார். காலையிலும் மாலையிலும் மேட்டில் ஏறி நின்று கத்துவார். ஆனால் அது பூனைக்காக இல்லை. கத்தவேண்டும் என்பதற்காக.

அந்தக் காட்டுக்குக் கருங்குட்டைக் காடு என்று பெயர். ஆளும் வசதிக்காக அதை மூன்று வட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். மேல்மேட்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு தலைகள். நடுக்கரையில் சரியாக இருநூறு. கள்ளிப்பள்ளத்தில், சென்ற கணக்கெடுப்பின்படி, இருநூற்று மூன்று. எறும்புகளும் தவளைகளும் கணக்கில் சேர்வதில்லை. இதுபற்றித் தவளைகள் கொடுத்த மனு ஆறு மழைக்காலமாகக் கிடப்பில் இருந்தது. காட்டுப்பூனையை எந்த வட்டமும் சேர்த்துக்கொள்ளவில்லை. அதுவும் அதற்காக மனு எதுவும் கொடுக்கவில்லை.

மூங்கில் தோப்பிலிருந்து காட்டை ஆண்டுவந்த யானையம்மா போட்ட சட்டம் எல்லோருக்கும் மனப்பாடம். இருநூறு தலைகள் இருந்தால் அது ஒரு வட்டம். ஒரு வட்டத்துக்கு ஒரு தலைவர், ஒரு காவற்காரக் குரங்கு. ஒரு தலை குறைந்தாலும் பக்கத்து வட்டத்தோடு சேர்த்துவிட வேண்டும். நானூறைத் தொட்டுவிட்டால் இரண்டாகப் பிரித்துவிட வேண்டும். பத்து மழைக்கு ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பத்தாவது மழை பெய்து ஓய்ந்தது. கணக்கெடுக்க ஆமையார் வந்தார்.

அவர் முதுகில் ஒரு சுரைக்குடுக்கை கட்டியிருந்தது. தலைக்கு ஒரு புளியங்கொட்டை. அவரவர் கொட்டையை அவரவரே குடுக்கையில் போட வேண்டும். கடைசியில் கொட்டைகளை எண்ணினால் கணக்கு முடிந்தது. முதல் புதர் புள்ளியம்மாவுடையது.

"வீட்டுல எத்தனை பேர்?" என்றார் ஆமையார்.

"நானும் அவரும். அதோ கத்துறாரே, அவர்தான். அப்புறம் இந்த ஒன்பது."

"முட்டையை எண்ண முடியாதும்மா. முட்டைக்குத் தலை வெளியே தெரியணும்."

"மூணு நாளாத்தான் உட்கார்ந்திருக்கேன் தாத்தா. இன்னும் பதினெட்டு நாள் ஆகும்."

ஆமையார் யோசித்தார். யோசித்து முடிக்க வெயில் ஒரு முழம் நகர்ந்தது.

"பள்ளத்தைச் சுத்திவர எனக்கு இருபது நாள் ஆகும். நான் முடிக்கிறதுக்குள்ள ஓடு உடைஞ்சா, ஒன்பதையும் சேர்த்துக்கிறேன். போதுமா?"

இரண்டு புளியங்கொட்டைகளை வாங்கிக்கொண்டு அவர் அடுத்த புதரை நோக்கிப் புறப்பட்டார்.

அன்று மாலை வட்டத் தலைவர் அந்த வழியாக வந்தார். முள்ளாண்டி என்ற முள்ளம்பன்றி அவர். அவரோடு தவிடன் என்ற முயலும் வந்தான். தலைவர் எங்கே போனாலும் தவிடன் அரை அடி பின்னால் போவான். அதைவிடப் பின்னால் நின்றால் தலைவர் பதவி கைக்கு எட்டாது என்பது அவன் கணிப்பு.

முள்ளாண்டியின் முகம் வாடியிருந்தது. ஆமையார் வருமுன்பே அவர் ரகசியமாக எண்ணிப் பார்த்துவிட்டார். நூற்றுத் தொண்ணூற்றொன்று.

"ஒன்பது குறையுது, புள்ளியம்மா! நம்மை நடுக்கரையோட சேர்த்துடுவாங்க. கருவாலன் அங்கே நாவல் மரத்துக்குப் போயிடுவான். அங்கேயிருந்து அவன் கத்தினா, இங்கே கொசு கத்துற மாதிரிகூடக் கேட்காது!"

புள்ளியம்மா குனிந்து முட்டைகளை ஒருமுறை எண்ணினாள். அவளுக்கு ஒன்று பளிச்சென்று தெரிந்தது.

"அண்ணே, ஒன்பதுதானே குறையுது? என்கிட்ட ஒன்பது இருக்கே! பதினெட்டு நாள்ல பொரிஞ்சிடும். அவருக்கு இருபது நாள் ஆகுமாம். அவரே சொன்னார்!"

முள்ளாண்டி அவளைப் பார்த்தார். பிறகு தவிடனைப் பார்த்தார். இருவரும் சிரித்தார்கள்.

"முட்டையை நம்பி வட்டம் நடத்தச் சொல்றியா? அதுல ரெண்டு கூமுட்டையாப் போனா? அந்த ஆமை திடீர்னு வேகமா நடந்துட்டா?"

"அவர் எங்கே அண்ணே வேகமா நடக்கப்போறார்?"

"நீ சும்மா இரு அக்கா," என்றான் தவிடன். "தலைவரே, என்கிட்ட ஒரு வழி இருக்கு. அவர் ஒரு புதரை எண்ணிட்டு அடுத்த புதருக்குப் போக ஒரு பகல் ஆகுது. எங்க முயல் கூட்டத்துக்கு அந்தத் தூரம் நாலு குதி. எண்ணின முயல்ல ஒன்பது பேர் குறுக்குவழியில ஓடி, அடுத்த புதர்ல போய் உட்கார்ந்தா?"

முள்ளாண்டியின் முட்கள் ஒருமுறை சிலிர்த்து அடங்கின. மகிழ்ச்சி வந்தால் அவருக்கு அப்படித்தான்.

"ஒன்பது பேர்தான்! அதுக்கு மேல ஒருத்தர் கூடாது!"

"ஒன்பதேதான் தலைவரே!"

ஆனால் தவிடனின் மனக்கணக்கு வேறு. இருநூறு ஆனால் முள்ளாண்டிதான் தலைவராக இருப்பார். நானூறு ஆனால் இன்னொரு தலைவர் வேண்டும். தவிடன் ஒன்பது முயல்களை அனுப்பவில்லை. அறுபதையும் அனுப்பினான்.

ஏழாம் நாள் ஆமையார் முயல்களின் புதருக்கு வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து கள்ளிப்பள்ளத்தில் புளியமரத்தடியில் ஒரு கொட்டை பாக்கியில்லை. ஆமையார் எந்தப் புதருக்குப் போனாலும் அங்கே அறுபது முயல்கள் வாயில் கொட்டையோடு உட்கார்ந்திருந்தன. சில முயல்களுக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"உன்னை நேத்தே பார்த்த மாதிரி இருக்கே?" என்று ஒரு முயலிடம் கேட்டார் ஆமையார்.

"முயல்னா முயல் மாதிரிதானே தாத்தா இருக்கும்!"

அதில் அவரால் குற்றம் காண முடியவில்லை. கொட்டையை வாங்கிக்கொண்டார்.

பதினோராம் நாள் அவர் புள்ளியம்மாவின் புதருக்கு எதிர்ப்புறம் வந்து சேர்ந்தார். குடுக்கை கனத்துக்கொண்டே வந்தது. முதுகு வலித்தது. புல்லுக்கு மேலாகக் கழுத்தை நீட்டினார்.

"புள்ளியம்மா! எனக்கு எங்கேயோ உதைக்குது. நீ இங்கேயே உட்கார்ந்திருக்கிறவ. இந்தப் பள்ளத்துல எத்தனை முயல் இருக்கும், சொல்லு!"

புள்ளியம்மாவுக்குத் தெரியும். அறுபது. அவள் கண்ணெதிரேதான் அவை தினமும் ஓடின. சொல்லிவிடலாம் என்று அலகைத் திறந்தாள். அப்போது போன வருஷத்து ஏழு குஞ்சுகளும் நினைவுக்கு வந்தன. மரத்தில் கருவாலன் இல்லாத மூன்று நாட்களும் நினைவுக்கு வந்தன. தன் முட்டைகள் பொரிந்தால் கணக்கு தானாகச் சரியாகும் என்பதும் தெரியும். ஆனால் பொரியாவிட்டால்? இரண்டு கூமுட்டையாகப் போய்விட்டால்? தலைவர் சொன்னது அவள் காதில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

"எனக்கு எண்ணத் தெரியாது தாத்தா," என்றாள்.

காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, இருட்டுமுன் இரண்டுமுறை முட்டைகளை எண்ணுகிறவள் அவள்.

"ஓஹோ," என்றார் ஆமையார். கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடந்தார்.

பன்னிரண்டாம் நாள் குடுக்கையில் நானூறாவது கொட்டை விழுந்தது. நானூறைத் தொட்டதும் எண்ணுவதை நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. ஆமையார் நிறுத்தினார். யானையம்மாவுக்குச் செய்தி போனது. கள்ளிப்பள்ளம் இரண்டு வட்டங்களாகிறது என்று உத்தரவு வந்தது. மேல்பள்ளத்துக்கு முள்ளாண்டி தலைவர். கீழ்ப்பள்ளத்துக்குத் தவிடன்.

"இது எப்படி நடந்தது?" என்று முள்ளாண்டி தவிடனைப் பிடித்து உலுக்கினார்.

"எல்லாம் உங்க ஆசீர்வாதம்தான் தலைவரே!" என்றான் தவிடன். அதன் பிறகு அவன் யாருக்கும் அரை அடி பின்னால் நடக்கவில்லை.

மறுநாள் காலையில் எல்லை போடக் காட்டுப்பன்றி வந்தது. எல்லை போடுவது பன்றிகளின் பரம்பரை உரிமை. மூக்கை மண்ணில் ஊன்றி நேராக உழுதுகொண்டே போகும். வழியில் என்ன இருந்தாலும் கோடு வளையக்கூடாது என்பது அவர்கள் குலவழக்கம். இலுப்பை மரத்தடியில் தொடங்கிய கோடு, புல்லைக் கிழித்துக்கொண்டு வந்தது. புள்ளியம்மாவின் கூட்டுக்கு முன்னால் நின்றது.

"எந்திரிம்மா."

"ஐயையோ! இங்கே கூடு இருக்கு!"

"கோடும் இங்கேதான் இருக்கு."

பன்றி கெட்டதில்லை. மூக்கை மெதுவாகவே உள்ளே விட்டது. கூட்டின் நடுவே ஒரு பள்ளம் விழுந்தது. நான்கு முட்டைகள் மேல்பள்ளத்துக்குப் போயின. நான்கு கீழ்ப்பள்ளத்துக்குப் போயின. ஒன்று கோட்டிலேயே கிடந்தது. புள்ளியம்மா அதை அவசரமாக ஒரு பக்கம் தள்ளப் பார்த்தாள்.

"அதெல்லாம் கூடாது," என்றது பன்றி. "எல்லை போட்ட பிறகு ஒரு வட்டத்திலேர்ந்து இன்னொரு வட்டத்துக்குப் போகணும்னா, ரெண்டு தலைவரும் சம்மதிக்கணும்."

சொல்லிவிட்டு உழுதுகொண்டே போய்விட்டது. கூட்டுக்கு அந்தப் பக்கம், கள்ளிப்புதர் வரைக்கும், முழங்கால் ஆழத்துக்கு ஒரு நேரான வாய்க்கால் போல எல்லை கிடந்தது. புல் அதை இரண்டு பக்கமும் மூடியிருந்தது.

புள்ளியம்மா ஒன்பதையும் மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். உடம்பு பாதி மேல்பள்ளத்தில் இருந்தது, பாதி கீழ்ப்பள்ளத்தில் இருந்தது. கோட்டில் கிடந்த முட்டை மட்டும் வயிற்றுக்கு எட்டாமல் சற்றுத் தள்ளியே கிடந்தது. அவள் மேலே பார்த்துக் கூப்பிட்டாள்.

"தம்பி கருவாலா! நீ இருக்கேதானே?"

"இருக்கேன் அக்கா. ஆனா நான் இப்போ மேல்பள்ளத்துக்கு மட்டும்தான். கீழ்ப்பள்ளத்துக்கு வேற குரங்கு போடுவாங்க."

"எப்போ?"

"அடுத்த மழைக்கு அப்புறம்னு பேச்சு."

"அப்போ இந்தக் கோடு யாரோடது தம்பி?"

கருவாலன் தலையைச் சொறிந்தான். "அதுக்கு இன்னும் உத்தரவு வரலை அக்கா."

அவள் தலைவர்களிடம் முறையிட்டாள். கோடு கீழ்ப்பள்ளத்துப் பொறுப்பு என்றார் முள்ளாண்டி. கோடு மேல்பள்ளத்துப் பொறுப்பு என்றான் தவிடன். இருவரும் அதைப் பேசித் தீர்க்க ஒரு நாள் குறித்தார்கள். எங்கே உட்கார்ந்து பேசுவது என்பதில் தகராறு வந்து, அந்த நாள் கழிந்தது.

பதினைந்தாம் நாள் உச்சி வெயில். இலை அசையவில்லை. புல்லும் அசையவில்லை. காட்டுப்பூனை புல்லுக்குள் வந்திருந்தால் புல் அசைந்திருக்கும். அது புல்லுக்குள் வரவில்லை. எல்லைக்கோட்டிலேயே நடந்து வந்தது.

மரத்தின் மேலிருந்து கருவாலன் அதைப் பார்த்தான். வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான்.

பூனை தலை நிமிர்ந்து பார்த்தது.

"என்ன கருவாலா, தொண்டை கட்டிக்கிச்சா?"

"நீ கோட்டு மேல நடக்கிறே. கோடு யாருக்குன்னு உத்தரவு வரலை."

"சரி. வர்ற வரைக்கும் நடக்கிறேன்."

அந்தக் குரல் புள்ளியம்மாவின் காதில் விழுந்தது. விழுந்தபோது பூனை நான்கு முழத் தூரத்தில் இருந்தது.

அவள் யோசிக்கவில்லை. ஒரு சிறகைத் தரையில் போட்டாள். ஒடிந்த சிறகு போல அதை இழுத்துக்கொண்டு, பூனையின் மூக்குக்கு முன்னால் புரண்டு புரண்டு ஓடினாள். "ஐயோ! ஐயோ!" என்று கத்தினாள். நடிப்புக்குப் பாதிதான் கத்தினாள். மீதிப் பாதி நிஜம்.

பூனை பாய்ந்தது. பாய்வதற்குக் கால் ஊன்ற வேண்டுமே. பின்னங்காலைக் கோட்டில் ஊன்றிப் பாய்ந்தது. புள்ளியம்மா முப்பது அடி தூரம் அதை இழுத்துக்கொண்டு போனாள். பிறகு ஒடிந்த சிறகு சட்டென்று சரியாகிவிட்டது. விர்ரென்று பறந்து கள்ளிக்குள் விழுந்தாள்.

பூனை வாயில் இரண்டு இறகுகளோடு நின்றது. துப்பிவிட்டு வேறு பக்கம் போய்விட்டது.

புள்ளியம்மா கூட்டுக்குத் திரும்பி வந்தாள். எண்ணினாள். எட்டு. மறுபடி எண்ணினாள். எட்டு. கோட்டில் கிடந்த முட்டை மண்ணோடு மண்ணாக நசுங்கியிருந்தது.

அவள் மரத்தை அண்ணாந்து பார்த்தாள். கருவாலன் அவள் முகத்தைப் பார்க்காமல் வாலில் பேன் பார்த்தான்.

பதினெட்டாம் நாள் எட்டு முட்டைகளும் பொரிந்தன. ஒன்றுகூடக் கூமுட்டை இல்லை.

இருபதாம் நாள் புதிய வட்டங்களைப் பார்வையிட யானையம்மா வந்தாள். ஆமையாரும் குடுக்கையோடு வந்திருந்தார்.

"மேல்பள்ளத்துக்காரங்க கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க. கீழ்ப்பள்ளத்துக்காரங்க இந்தப் பக்கம்," என்றாள் யானையம்மா.

நின்றார்கள். யானையம்மா மேல்பள்ளத்தைப் பார்த்தபோது அங்கே முயல்கள் நிறைய இருந்தன. கீழ்ப்பள்ளத்தின் பக்கம் திரும்பியபோது அங்கேயும் முயல்கள் நிறைய இருந்தன. மறுபடி மேல்பள்ளத்தைப் பார்த்தாள். கடைசி முயல் அப்போதுதான் கோட்டைத் தாண்டித் தரையில் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஆமையாரே, குடுக்கையைக் கவிழுங்க. அவங்கவங்க கொட்டையை அவங்கவங்களே எடுத்துக்கட்டும். ஆளுக்கு ஒண்ணு. எடுத்தவங்க அப்படியே உட்காரணும். எந்திரிக்கக்கூடாது."

நானூறு கொட்டைகள் தரையில் கொட்டின. எல்லோரும் ஒவ்வொன்று எடுத்துக்கொண்டார்கள். புள்ளியம்மா ஒன்று எடுத்தாள். அவள் வீட்டுக்காரர் ஒன்று எடுத்தார், கத்தாமல். எட்டுக் குஞ்சுகளும் ஒவ்வொரு கொட்டையைக் காலால் உருட்டிக்கொண்டு வந்தன. எல்லோரும் எடுத்து முடித்தும் தரையில் ஒரு குவியல் மிச்சம் இருந்தது. ஆமையார் அதை எண்ணினார். யாரும் எழுந்திருக்கக்கூடாது என்பதால், அவர் எண்ணி முடிக்கும் வரை எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.

"இருநூத்தி ஒண்ணு," என்றார்.

"இந்த இருநூத்தொரு பேர் எங்கே?" என்று கேட்டாள் யானையம்மா.

தவிடன் எழுந்திருக்காமலே சொன்னான். "வெளியூர் போயிருக்காங்கம்மா."

"எல்லாருமா?"

"ஒரு கல்யாணம்மா."

"இருநூத்தொரு பேர் போற கல்யாணத்துக்கு எனக்கு ஏன் அழைப்பு வரலை?"

தவிடன் தன் கொட்டையைப் பாதத்தால் மூடிக்கொண்டான். முள்ளாண்டியின் முட்கள் எல்லாம் படிந்து, அவர் ஒரு பெரிய எலி போல இருந்தார்.

"நானூறு போடப்பட்டது. இருநூத்தொண்ணு மிச்சம்," என்றார் ஆமையார். "அப்போ உட்கார்ந்திருக்கிறது நூத்தித் தொண்ணூத்தொன்பது."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. ஒன்று. ஒரே ஒன்று.

முள்ளாண்டி எழுந்து கைகூப்பினார். "அம்மா, தவளைகள் ஒரு மனு கொடுத்திருந்தாங்க. இப்போ அவங்களைச் சேர்த்துக்கிட்டா..."

குட்டையிலிருந்து ஒரு தவளை எட்டிப் பார்த்தது. "முதல்ல எங்க மனுவுக்குப் பதில் வரட்டும்!" என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டது.

அன்றே உத்தரவு வந்தது. கள்ளிப்பள்ளம் நடுக்கரையோடு சேர்க்கப்பட்டது. இரண்டு தலைவர் பதவிகளும் ஒழிந்தன. கருவாலன் இலுப்பை மரத்திலிருந்து இறங்கினான். எடுத்துக்கொண்டு போக அவனிடம் சாமான் ஒன்றுமில்லை. வாலைத் தூக்கிக்கொண்டு நாவல் மரத்தை நோக்கி நடந்தான்.

புள்ளியம்மா குஞ்சுகளை முள்ளுக்குள் ஓட்டினாள். இனி மேலேயிருந்து சத்தம் வராது. பகலெல்லாம் அவள்தான் பார்க்க வேண்டும், அவள்தான் கேட்க வேண்டும். ஓட்டும்போதே வாய் தானாக முணுமுணுத்தது. "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு..."

பின்னால் ஆமையார் வெறும் குடுக்கையோடு போய்க்கொண்டிருந்தார். நின்றார்.

"உனக்கு எண்ணத் தெரியாதுன்னு சொன்னியேம்மா?"

புள்ளியம்மா திரும்பவில்லை. எட்டாவது குஞ்சு முள்ளுக்குள் போகும் வரை நின்றாள். அதற்குப் பிறகும், இன்னொன்று வர வேண்டியிருப்பதுபோல, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

இல்லாத தலைகளைக் கணக்கில் ஏற்றப் போகிறவர்கள், இருக்கிற தலைகளில் ஒன்றைப் பறிகொடுப்பார்கள்.